மூச்சின் பகைவர்கள் – 14: தாம்பரத்துக் காற்று

சென்னையில் 1956-ஆம் வருஷம் தொடங்கிய க்ஷயரோகப் பரிசோதனையை இந்த வாரம் விவரிப்பதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். நோயாளிகளை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், மலைச்சாரலிலும் தோப்பிலும் படுக்கவைத்துக் காற்றையும் பாலையும் ஓய்வையுமே மருந்தாக ஊட்டிவந்த ஒரு பெரும் வைத்திய மரபை அந்தப் பரிசோதனை வேரோடு அசைத்தது. ஆயினும், அசைந்த மரம் எத்தகையது, அதை நம் மண்ணில் நட்டவர் யார் என்பதை அறியாமல், அசைத்த கையை மட்டும் புகழ்ந்துகொண்டிருப்பது நியாயமாகாது. திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் பேருந்தில் சென்னைக்குப் போகும் அரூர்வாசிகள் தாம்பரத்தைத் தாண்டியதும் ‘சானடோரியம்’ என்று நடத்துனர் கூவக் கேட்டிருப்பார்கள். அந்த ஊர்ப்பெயருக்குக் காரணமானவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து; ஸ்தாபனத்தின் பெயர் ஜனங்களின் வாயில் நிலைத்துவிட்டது, ஸ்தாபித்தவரின் பெயரோ மறைந்துவிட்டது. இந்த அநீதியைக் கொஞ்சமாவது நேர்செய்யாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை.

கோக் 1882-ஆம் வருஷம் மார்ச் 24-ந் தேதி பெர்லினில் க்ஷயக் கிருமியைப் பிரகடனம் செய்த நிகழ்ச்சியும், 1890-இல் ‘டியூபர்குலின்’ என்ற திரவத்தை நோய் தீர்க்கும் மருந்தென்று அறிவித்து, அதன் கூட்டை வெளியிடாமல் மறைத்துவைத்து, பின்பு அது பொய்த்துப்போன நிகழ்ச்சியும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கிருமியைக் கண்டுபிடித்த கோக்கை நான் வணங்குகிறேன். மருந்தின் இரகசியத்தை ஒளித்துவைத்த கோக்கை என்னால் மன்னிக்க இயலவில்லை. உலகமெங்கும் இருந்து பெர்லினை நோக்கி ஓடிய நோயாளிகள் ஏமாந்து திரும்பிய அந்தத் துயரத்திற்குப் பிறகுதான், மருந்தில் நம்பிக்கை இழந்த வைத்திய உலகம் காற்றின் பக்கம் முழுமனத்தோடு திரும்பியது. ஜெர்மனியில் பிரெஹ்மர் தொடங்கிவைத்த சானடோரிய முறை ஐரோப்பா முழுவதும் பரவியது அந்தக் காலத்தில்தான்.

அந்தக் காலத்தில்தான் சௌரிமுத்துவும் இங்கிலாந்திலே தொழில் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளையருக்கு வைத்தியம் பார்க்கும் இந்தியர் என்பதே அபூர்வமாயிருந்த அந்நாளில், சாமர்செட் பிரதேசத்து மெண்டிப் குன்றுகளின்மீது, வெல்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகில், தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு மனிதர் சொந்தமாக ஒரு க்ஷயரோக நிலையத்தையே நிறுவி நடத்தினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. திறந்தவெளிச் சிகிச்சையில் பத்தாண்டு அனுபவத்தை 1910-இல் ஒரு நூலாகவும், இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தை 1922-இல் மற்றொரு நூலாகவும் எழுதி வெளியிட்டார். அவற்றிலே அவர் கொண்ட கட்சி தைரியமானது. கிருமி ஒன்றையே குற்றவாளியாக நிறுத்தி, அதற்கு இடம் கொடுத்த வறுமையையும், அரைவயிற்று உணவையும், சாளரமற்ற குடியிருப்பையும் சாட்சிகளைப் போல வெளியே அனுப்பிவிடுவதை அவர் ஏற்கவில்லை. கோக்கின் கண்டுபிடிப்பைக் கொண்டாடிய சபைகளில் நின்றுகொண்டு இப்படிச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். கிருமியின் பங்கை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பது உண்மையே. ஆனால் தவறிய இடத்தில்கூட அவர் ஏழையின் பக்கம் நின்று தவறினார்.

1914-ஆம் வருஷம் மார்ச் 17-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘நெவாஸா’ என்ற கப்பல் புறப்பட்டது. அதிலே கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜை நோக்கிப் பயணமானார் என்பதை நாடறியும். அதே கப்பலில் டாக்டர் முத்துவும் இருந்தார் என்பதைச் சிலரே அறிவார்கள். கடல் நடுவிலே, அப்போது ஆரோக்கியமாயிருந்த அந்த வாலிபரை அந்த வைத்தியர் பார்த்திருப்பார்; மூன்றே ஆண்டுகளில் அவர் தம்முடைய நிலையத்திற்கே நோயாளியாக வந்துசேருவார் என்று எப்படி எண்ணியிருக்கக்கூடும்? 1917-ஆம் வருஷம் நோயுற்ற ராமானுஜன் மெண்டிப் குன்றுகளில் முத்துவின் பராமரிப்பில் சில காலம் இருந்தார். பின்பு மாட்லக்கிற்கும், வேறு நிலையங்களுக்கும் மாறினார். தாயகம் திரும்பி 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு வந்தது க்ஷயம்தானா என்பதே பிற்காலத்தில் சர்ச்சைக்குள்ளாயிற்று. 1994-இல் யங் என்ற ஆராய்ச்சியாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம், அந்நாளிலேயே குணப்படுத்தத் தக்க நோயாகவும் இருந்தது என்று எழுதினார். அது மெய்யானால், நுரையீரலில் தேடப்பட்ட பகைவன் வேறோர் உறுப்பில் ஒளிந்திருந்தான் என்று ஆகிறது. இதற்காக முத்துவைப் பழிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ராமானுஜனைப் பரிசோதித்த வைத்தியர்கள் பலர், க்ஷயமென்று சந்தேகித்தவர்களும் பலர்.

இங்கே கிருமியின் சுபாவத்தைச் சற்றுப் பார்த்தால்தான் முத்துவின் காற்றுக்கு உள்ள பெருமையை அளவிட முடியும். சென்ற வாரங்களில் நாம் கண்ட இன்புளுயன்ஸா கிருமி சில தினங்களில் தன் காரியத்தை முடித்துவிடும் அவசரக்காரன். க்ஷயக் கிருமியோ பொறுமையின் வடிவம். குடலில் வாழும் சாதாரணப் பாக்டீரியா இருபது நிமிஷத்தில் இரண்டாகும்போது, இது ஒருமுறை இரண்டாவதற்குச் சுமார் இருபது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மெழுகு போன்ற கொழுப்புக் கவசம் அணிந்திருப்பதால் அமிலத்துக்கும் அஞ்சாது. இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் உலர்ந்து காற்றிலே மணிக்கணக்கில் மிதக்க, அவற்றை உள்ளிழுத்தவருடைய நுரையீரலின் கடைக்கோடிச் சிற்றறைகள்வரை இது சென்று சேர்கிறது. அங்கே காவல் அணுக்கள் இதை விழுங்குகின்றன. ஆனால் ஜீரணிக்க முடிவதில்லை. உடல் சுற்றிலும் மதில் எழுப்பிச் சிறைவைக்கிறது. அந்தச் சிறையிலே இருபது முப்பது ஆண்டுகள்கூடக் கிடக்கும். இது புகுந்த பத்துப் பேரில் சுமார் ஒருவருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. பசியும் பிணியும் மதுமேகமும் காவலைத் தளர்த்தும்போது மதில் இடிகிறது. முத்து சொன்னது இந்த இடிந்த மதிலைத்தான்.

காற்றைப் பற்றியும் அவருடைய உள்ளுணர்வு பொய்க்கவில்லை. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வெல்ஸ், ரைலி என்ற இரு விஞ்ஞானிகள், க்ஷயரோகிகள் படுத்திருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல்மாடிக்குக் கொண்டுசென்று, அங்கே கூண்டுகளில் வைத்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்கச் செய்தார்கள். நோயாளிகளைக் கண்ணாலும் காணாத அந்தப் பிராணிகளுக்குக் க்ஷயம் தொற்றியது. தொற்றுக்குத் தட்டும் தம்ளரும் காரணமல்ல, அடைபட்ட காற்றே காரணம் என்பது அன்று சந்தேகமற நிலைநாட்டப்பட்டது. காற்று நன்றாகப் பாயும் அறையில் கிருமி கலைந்து போகிறது. சூரிய ஒளியில் மடிகிறது. நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து, அவரைச் சாளரமில்லாத பின்கட்டு அறையில் தள்ளிக் கதவைச் சாத்தும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறதே, அதைவிடக் கொடியதும் அதைவிட மடமையானதும் வேறில்லை.

தாயகம் திரும்பிய முத்து, 1928-இல் தாம்பரத்திலே சுமார் 250 ஏக்கர் நிலத்தில் பன்னிரண்டே படுக்கைகளுடன் தம் சானடோரியத்தைத் திறந்தார். 1937-இல் அது அரசாங்கத்தின் வசம் சென்றது. இன்று பல நூறு படுக்கைகள் கொண்ட நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. மரநிழலும் காற்றும் சூரிய வெளிச்சமும் நல்லுணவும் நோயாளியின் உரிமை என்று நம்பிய ஒரு மனிதருடைய கனவு அது.

ஆனால் அந்தக் கனவு எத்தனை பேருக்கு எட்டியது? அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த நம் அரூரிலிருந்தும், சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்தும், ஒரு கூலியாள் மொரப்பூர் வரை வந்து ரயிலேறித் தாம்பரம் போய் ஒரு வருஷம் படுத்திருந்தால், வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? தேசத்து நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகளோ சில ஆயிரங்கள். சானடோரியத்தின் குறை அதன் சித்தாந்தத்தில் இல்லை. அதன் வாசல் ஏழைக்குத் தூரமாயிருந்ததுதான் குறை.

அந்தத் தூரத்தைத்தான் 1956-ஆம் வருஷத்துப் பரிசோதனை ஒழித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நிறுவிய மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்பவரின் தலைமையில், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் ஒரு சாராரை நெருக்கமான தங்கள் வீடுகளிலுமே வைத்து, இரு சாராருக்கும் ஐசோநியாசிட், பாஸ் என்ற அதே மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும். வீட்டில் பழைய வறுமையே. முடிவில் சானடோரியத்தாரில் 92 சதவீதமும் வீட்டிலிருந்தோரில் 86 சதவீதமும் கிருமி அடங்கித் தேறினார்கள். வீட்டிலிருந்த நோயாளிகளால் உடனிருந்தவர்களுக்குத் தொற்று மிகுந்துவிடவும் இல்லை. 1959-இல் இம்முடிவு வெளியானபின், உலகத்துச் சானடோரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன.

இதனால் முத்து தோற்றார் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. வந்த நோயைத் தீர்ப்பது மாத்திரை என்பதைச் சென்னை நிரூபித்தது. நோய் வராமல் காப்பது எது என்ற கேள்விக்கு அந்தப் பரிசோதனை பதில் சொல்ல முயலவே இல்லை. அந்தப் பதில் 2023-இல் வந்தது. ஜார்க்கண்டில் க்ஷயரோகிகளுடைய குடும்பத்தாருக்கு மாதந்தோறும் தானியமும் பருப்பும் சத்துமாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், அவர்களிடையே புதிதாக நோய் காண்பது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அந்த ஆராய்ச்சியில் பங்குகொண்ட ஸ்தாபனங்களுள் ஒன்று, 1956-இல் தோன்றிய அதே சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். முத்துவின் பால் தம்ளரும் ஃபாக்ஸின் மாத்திரையும் பகைகளல்ல, ஒரே யுத்தத்தின் இரு ஆயுதங்கள் என்பது இவ்வளவு காலம் கழித்து விளங்கிற்று. அரூரை அடுத்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-ஆம் வருஷம் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதியர் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியதும் இந்த ஞானத்தின் தொடர்ச்சியே: நோயாளி தூரம் போகவேண்டியதில்லை, சிகிச்சைதான் அவன் ஊருக்கு நடந்து வரவேண்டும்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமுகிறவர் எவரும் அரசாங்க ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்வதற்கு இன்று காசில்லை, மருந்துக்கும் காசில்லை. தடையாக நிற்பது வெட்கம் ஒன்றுதான். அந்த வெட்கத்தை நோயாளியிடம் வளர்த்தவர்கள் நாம், களையவேண்டியவர்களும் நாம்தாம்.

ஃபாக்ஸின் மையத்தார் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மிஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்த்ததையும், மருந்தை நடுவில் நிறுத்தியவர்களுடைய உடலில் கிருமி கற்றுக்கொண்ட புதிய தந்திரத்தையும் அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.