கரையைத் தாங்கிய வேர்கள்

ஔவையார் பாடியதாக வழங்கும் நல்வழியில் ஆற்றங்கரை மரம் நிலையாமைக்கு உவமையாக வருகிறது. அரசன் அறிய வாழ்ந்த பெருவாழ்வும் ஆற்றோரத்து மரமும் ஒருநாள் விழுந்தே தீரும். ஆதலால் உழுதுண்டு வாழும் வாழ்வே மேலானது என்பது அங்குச் சொல்லப்படும் நீதி. பள்ளிப் பருவத்தில் இப்பாடலை மனனம் செய்த நாம், மரம் விழுவதை மட்டுமே நினைவில் நிறுத்திக்கொண்டோம். விழும்வரை அம்மரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டதில்லை. புலவர் உயர்த்திப் பேசிய அந்த உழவுநிலம் ஆற்றோடு போகாமல் நின்றதில் அம்மரத்துக்கும் ஒரு பங்கு உண்டல்லவா?

ஆறுகளைப் பற்றிய எழுத்துக்குத் தமிழில் குறைவில்லை. பாட்டு, கல்வெட்டு, செப்பேடு, சட்டம் என்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளின் பதிவுகள் நம்மிடம் உள்ளன. இவற்றுள் கரையோரத் தாவரங்கள் எங்கெல்லாம் வருகின்றன, என்னவாக வருகின்றன என்று தொடர்ந்து பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். பூவும் நிழலும் மணமும் விலையும் எழுதப்பட்டிருக்கின்றன. மண்ணைப் பற்றிக்கொண்டிருந்த வேர் மட்டும் எழுத்தில் ஏறவில்லை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் எனப் பெயர் பெற்றன. நெல்லின் பெயரையோ கரும்பின் பெயரையோ அந்நிலத்துக்குச் சூட்டாமல், ஆற்றங்கரையில் உயர்ந்து நிற்கும் மருத மரத்தின் பெயரைச் சூட்டினார்கள். நீர்மருது என்று மக்கள் இன்றும் வழங்கும் மரம் இதுவே. புறத்திணைப் பெயர்களிலும் நீரோரத் தாவரங்கள் உண்டு. வஞ்சியும் காஞ்சியும் ஆற்றோரத்தில் வளர்வன. காஞ்சியை இன்று ஆற்றுப்பூவரசு என்று அடையாளம் காண்கிறார்கள். மதில் காக்கும் வீரர் சூடும் நொச்சியை உழவர் வரப்போரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் உயிர்வேலியாக வைத்து வந்தனர். படுகை என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு சுமந்து வந்த வண்டல் படிந்து உருவான நிலம் படுகை. ஒரு கரையில் அரித்த மண்ணை ஆறு இன்னோரிடத்தில் படியவிடுகிறது என்ற அறிவு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சங்கப் பாடல்களில் காவிரியின் கழார்த் துறையும், வையையின் திருமருத முன்துறையும் மருத மரங்களோடு சேர்த்தே பேசப்படுகின்றன. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும் இடத்தில், வையை ஒரு பெண்ணாக உருவகிக்கப்படுகிறாள். கரையில் பூத்து நிற்கும் மரங்களும் கொடிகளும் அவளுக்கு ஆடையும் அணியுமாகின்றன. குறுந்தொகையிலோ பிரம்புப் புதரை ஒட்டி வாழும் நீர்நாய், வாளை மீனை அன்றைய இரையாகப் பெறுகிறது. புதர் இருந்தால்தான் நீர்நாய்க்குப் பதுங்கிடம். கரையின் தாவரத்தையும் நீரின் விலங்கையும் ஒரே காட்சியில் கண்ட கண்கள் அவை.

இப்பாடல்களில் சிதறிக் கிடக்கும் தாவரங்களைக் கரையின் மேலிருந்து கீழாக அடுக்கிப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். நீர் தொடும் அடிவிளிம்பில் நாணலும் கோரையும் வேழமும் வளரும். வெள்ளம் வரும்போது இவை படுத்துக் கரையின் மேல் பாய் விரித்தாற்போல் மூடிக்கொள்ளும். வெள்ளம் வடிந்ததும் நிமிரும். ‘நாணல் போல் வளைந்து கொடு’ என்ற வழக்கு அறிவுரையாக நிற்பது இதனால்தான். தண்டுகளுக்கிடையே நீரின் வேகம் குறைவதால் வண்டல் அங்கேயே படிகிறது. சரிவில் நொச்சியும் தாழையும் பிரம்பும் அடர்ந்து வளரும். மேட்டில் மருது, நாவல், புங்கு, இலுப்பை போன்ற மரங்கள் நிற்கும். புல்லின் நுண்வேர்கள் மேல்மண்ணை வலைபோல் பின்னிப் பிடிக்க, மரத்தின் பருவேர்கள் ஆழத்தில் ஊன்றித் தாங்குகின்றன. மரநிழல் நீரைக் குளிர்விக்கிறது. உதிரும் இலையைப் பூச்சிகள் உண்ண, பூச்சிகளை மீன்கள் உண்கின்றன. மூன்று அடுக்குகளும் கூடினால்தான் கரை முழுமை பெறும்.

கோயில் மரபும் இம்மரங்களில் ஒன்றைப் பற்றிக்கொண்டது. மருதத்தைத் தல மரமாகக் கொண்ட மூன்று பெருந்தலங்களை நம்மவர் ஒரு வரிசையாகச் சொல்வதுண்டு. தலைமருது எனப்படும் ஸ்ரீசைலம், இடைமருதாகிய திருவிடைமருதூர், திருநெல்வேலிச் சீமையின் திருப்புடைமருதூர் என்பன அவை. மருதுக்கு வடமொழியில் அர்ச்சுனம் என்று பெயர். ஸ்ரீசைலத்து இறைவன் மல்லிகார்ச்சுனர். முதலாவது கிருஷ்ணையின் கரையிலும், இரண்டாவது காவிரிக் கரையிலும், மூன்றாவது தாமிரபரணிக் கரையிலும் அமைந்துள்ளன. வழிபாட்டுக்குரிய மரமானதால் அதன்மீது கோடரி விழவில்லை. ஆனால் தலபுராணங்கள் சொல்வது மரத்தின் புனிதத்தைத்தான். கரைக்கு அது செய்த பணி அங்கும் பேசப்படுவதில்லை.

செப்பேடுகளுக்கு வருவோம். சோழர் காலக் கொடை ஆவணங்களில், ஓர் ஊரைத் தானமாகப் பெற்றவர்க்கு வழங்கப்பட்ட உரிமைகளின் நீண்ட பட்டியல் வரும். தென்னையும் பனையும் பற்றிய உரிமைகளோடு தமனகம், மருவு, செண்பகம், செங்கழுநீர் முதலியவற்றை நட்டுக்கொள்ளும் உரிமையும் அதில் இடம்பெறும். அவற்றோடு சேர்ந்து வரும் ஒரு பெயர் இருவேலி. இருவேலி என்பது வெட்டிவேர். நடுவதற்கே அரசின் இசைவு வேண்டியிருந்தது என்றால் அதற்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. ஆனால் அந்த மதிப்பு மணத்துக்குரியது. பட்டியலில் அதன் அண்டை அயலார் எல்லாம் நறுமணச் செடிகளே. பெயரிலேயே வேரைச் சுமந்துகொண்டிருக்கும் இப்புல்கூட மண்ணைக் காப்பதற்காக ஆவணத்தில் ஏறவில்லை.

ஏன் இந்த மௌனம்? கரைவேலை என்பது ஊராரின் கைவேலை. நாணல் எங்கே நிற்கவேண்டும், எந்த மூங்கிலை எப்போது வெட்டலாம் என்பதெல்லாம் மண்வெட்டி பிடித்தவர்களின் அறிவு. ஏடு எழுதியவர்களும் கல் வெட்டுவித்தவர்களும் வேறு மனிதர்கள். குடிமராமத்து என்ற பெயரில் நாம் இன்று பெருமையோடு நினைவுகூரும் உழைப்பிலும் பெரும்பகுதி, நிலமற்றவர்கள் தலையிலேயே விழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவர்களது அறிவு வழக்கமாக இருந்தது. வழக்கமாக இருந்ததாலேயே எழுதப்படாமலும் போயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் கரை சட்டத்துக்குள் வந்தது. 1858-ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேர்ந்தால் சுற்றுவட்டார ஊராரை வேலைக்கு அழைக்கவும், அக்கம்பக்க நிலங்களிலிருந்து மரம், மூங்கில், வைக்கோல் போன்ற பொருள்களை எடுத்துக்கொள்ளவும் அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. உடைப்பை அடைக்கும் பொருள் அங்கேயே வளர்ந்து நின்றதைச் சட்டமும் அறிந்திருக்கிறது. 1884-ஆம் ஆண்டின் ஆறுகள் பாதுகாப்புச் சட்டம், ஆற்றின் எல்லையை அளந்து வரையறுத்து, அதற்குள் மக்கள் செய்யும் செயல்களை அனுமதிக்கு உட்படுத்தியது. ஆக்கிரமிப்பைத் தடுக்க அது வேண்டியதே. ஆயினும் அதுவரை ஊரின் பழக்கமாக இருந்த கரை, இதன் பிறகு துறையின் பொறுப்பாயிற்று. கரைமரம் மரமாகவும் விறகாகவும் குத்தகை வருமானமாகவும் கணக்கில் ஏறியது. வேருக்கு அப்போதும் கணக்கில் இடமில்லை.

வேர் எழுத்துக்குள் வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான், அதுவும் சுற்றுவழியாக. ஜான் கிரீன்ஃபீல்டு என்பவர் 1950-களில் பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் மண்ணரிப்பைத் தடுக்க வெட்டிவேர் வரிசைகளைப் பயன்படுத்தினார். 1980-களில் அவரும் ரிச்சர்டு கிரிம்ஷா என்பவரும் உலக வங்கியின் பணிக்காக இந்தியாவில் இருந்தபோது இம்முறையைப் பரப்பினர். கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வயலோரத்தில் வெட்டிவேரை வேலியாக வைத்திருந்ததை அவர்கள் கண்டார்கள். 1987-இல் இதைப் பற்றிய கையேடு வெளியாயிற்று. 1993-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு இப்புல்லைப் பற்றித் தனிநூலே வெளியிட்டது. இன்று பல நாடுகளில் ஆற்றங்கரைச் சரிவுகளிலும் சாலைச் சரிவுகளிலும் இது நடப்படுகிறது. வேர் மூன்று மீட்டருக்குக் குறையாமல் நேர்கீழாக இறங்கக்கூடியது. தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை. ஆதலால் களையாகப் பரவாது. மனிதர் பிடுங்கி நட்டால்தான் இடம்பெயரும். அப்படியானால் பழைய வரப்போரத்தில் நிற்கும் ஒவ்வொரு வெட்டிவேர்க் குத்தும் யாரோ ஒருவர் நட்ட குத்தின் வழிவந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன ‘வெட்டிவர்’ என்ற சொல்லும் நம்முடையதே. சொல்லும் புல்லும் இங்கிருந்து போயின. அவை செய்யும் வேலையின் விளக்கம் வெளியிலிருந்து திரும்பி வந்தது.

இதற்கிடையே கரைகளில் புதிய குடியேறிகள் பெருகின. சீமைக்கருவேலம் 1877-இல் ஜமைக்காவிலிருந்து கடப்பைப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று வையைப் படுகையிலும் தாமிரபரணிக் கரையிலும் அது காணக்கிடைக்காத இடம் குறைவு. வாய்க்கால் ஓரங்களை நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற ஆணையிட்டது. சூழல் விளைவுகளை ஆராயாமல் அகற்றலாமா என்ற கேள்வி எழ, அவ்வாண்டிலேயே இடைக்காலத் தடையும் வந்தது. இவ்வழக்கில் வரலாற்று மாணவர்க்கு ஒரு பாடம் உண்டு. பகைச்செடியானாலும் அதன் வேரும் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பொக்லைன் இயந்திரத்தால் அதைப் பெயர்த்துவிட்டு வேறெதையும் நடாமல் விட்டால், அடுத்த மழையில் போவது கரைதான். பிடுங்குவதும் நடுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

எல்லாம் அழிந்துவிடவில்லை. திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயிலைச் சூழ்ந்த மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைக் காத்து வந்ததன் பயனாக, 2005 பிப்ரவரியில் 2.84 எக்டேர் பரப்பு பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய காப்பிடங்களில் இந்தியாவிலேயே முதலாவது இது. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் மலைப்பகுதியிலும் மருதமரச் சோலைகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் உச்சிக் கிளைகளில்தான் சாம்பல் நிற அணில் தாவித் திரிகிறது. நீரில் நீர்நாய் இன்றும் மீன் பிடிக்கிறது. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என இரு சரணாலயங்கள் அங்கே அமைந்தன. குறுந்தொகை கண்ட காட்சியை உரையின் துணையின்றிக் காணக்கூடிய இடங்கள் இவை.

சமவெளியில் நிலைமை வேறு. மணல் அள்ளி ஆற்றின் தரை தாழ்ந்தால் கரை அதே அளவுக்கு உயர்ந்து செங்குத்தாகிறது. மரத்தின் வேர் பழைய மட்டத்திலேயே நிற்க, அதற்குக் கீழே வெறும் மண் அரிபடுகிறது. பிறகு மரம் சாய்கிறது. இவ்வகைச் சாய்வை நிலையாமை என்று சொல்லிவிட முடியாது. இடிந்த இடத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்புகிறோம். பாலத்தருகிலும் ஊரையொட்டியும் அது தேவைப்படலாம். ஆனால் சுவரில் நீர்நாய்க்கு வளை இல்லை, நாணலுக்கு மண் இல்லை; மோதித் திரும்பும் வெள்ளம் சுவர் முடியும் இடத்தில் அரிக்கத் தொடங்குகிறது.

மரக்கன்று நடும் விழாக்களுக்கு நம் ஊர்களில் பஞ்சமில்லை. கரையின் மேட்டில் ஒரே வகைக் கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டு வருகிறோம். அரிப்பு தொடங்குவதோ அடிவிளிம்பில். நாணலும் கோரையும் நிற்கவேண்டிய இடம் வெறுமையாகவே கிடக்கிறது. அடியில் புல், சரிவில் புதர், மேட்டில் மரம் என்ற பழைய அடுக்கைத் திரும்ப அமைப்பதுதான் நடுகை. எங்கும் நட்டு மூடிவிடவும் வேண்டியதில்லை. மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை குடைவது தாவரமில்லாத மண்சுவரில். ஊருக்கும் வயலுக்கும் கேடில்லாத இடத்தில் ஆறு கொஞ்சம் அரிக்கட்டும். அரிப்பில்லாமல் படுகை ஏது?

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கரைவேலை செய்த கடைசித் தலைமுறையினர் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். எந்தப் புல்லை எந்த வளைவில் வைத்தார்கள், அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் என்ன என்பதை அவர்கள் அறிவார்கள். அச்சொற்களில் பல அகராதிகளில் இல்லாதிருக்கக்கூடும். பாடல்களில் பூவைத் தேடிக் குறிப்பெடுத்த நாம், இனி அவர்களிடம் சென்று வேரைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏட்டில் ஏறாதது இந்தத் தலைமுறையோடு மறைந்துபோனால், பின்வருவோர் அதைத் தேடிப் பார்க்க ஏடும் இராது, கரையும் இராது.