கருவியும் ஓர் ஆவணம்

18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் துப்பாக்கிக் கொல்லர்களின் தொழிலறிவு ஏட்டில் தங்கியதைவிடக் கருவிகளில் தங்கியதே மிகுதி. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரில் வாலஸ் கஸ்லர் அக்காலக் கைக்கருவிகளைக் கொண்டே ஒரு ரைபிளை முழுமையாகச் செய்து காட்டினார். 1969-இல் அது ஆவணப்படமாயிற்று.

குழலின் உட்புறத்தில் சுருள்பள்ளம் வெட்டும் கருவி ஒன்றே போதிய சான்று. திருகுவரி செதுக்கிய மர உருளை, அதனுடன் இணைந்த தண்டு, தண்டில் பதித்த சிறு எஃகுப் பல்: அவ்வளவுதான். உருளையின் வரியைப் பின்பற்றித் தண்டு சுழல்கிறது. பள்ளத்தை ஆழமாக்கப் பல்லின் அடியில் காகிதத் துண்டு செருகுவர். நுண்ணளவைக் காகிதத்தின் தடிமனே தீர்மானித்தது.

பழம்பாணித் துப்பாக்கி செய்யும் ஆர்வலர்கள் இன்றும் இம்முறையைப் பயில்கின்றனர். நாமோ, ஆயுதத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டு, அதை ஆக்கிய அரத்தையும் உளியையும் பழைய இரும்பாக எடைக்குப் போடுகிறோம்.