அபர்டீன் பஜாரும் ஒரு ஸ்காட்லாந்து விருந்தும்

போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எதிரேயுள்ள ராஸ் தீவு 2018 டிசம்பரிலேயே நேதாஜியின் பெயரை ஏற்றுவிட்டது. ஆயினும் நகரின் வணிக மையத்தை மக்கள் இன்றும் அபர்டீன் பஜார் என்றே அழைக்கின்றனர். அது ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள துறைமுக நகரத்தின் பெயர். ஆட்சியோடு வரும் இடப்பெயர்களை ஓர் அரசாணையால் மாற்றிவிடலாம். உணவோடு ஒட்டிக்கொண்டு வாழும் சொற்களின் கதை வேறு. அதற்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று வீடுகளிலும் மன்றங்களிலும் உண்ணும் 'பர்ன்ஸ் விருந்து' நல்ல சான்று.

உழவர் குடும்பத்தில் பிறந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1796 ஜூலை 21 அன்று தமது 37ஆம் வயதில் மறைந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 1801 ஜூலையில், ஆலோவே என்னும் சிற்றூரில் அவர் பிறந்த குடிசையில் நண்பர்கள் ஒன்பது பேர் கூடி உண்டனர். ஆட்டுத்தலையும் ஹாகிஸும் அன்றைய உணவு. அடுத்த ஆண்டு கிரீனாக் நகர மன்றத்தினர் அவரது பிறந்தநாள் எனக் கருதி ஜனவரி 29 அன்று விருந்து நடத்தினர். 1803இல் ஏர் நகரத் திருச்சபைப் பதிவேட்டைப் பார்த்த பிறகே, அவர் பிறந்தது 1759 ஜனவரி 25 என்று திருத்திக்கொண்டனர். விருந்தின் நாளையே ஓர் ஆவணம் திருத்தியது!

விருந்தின் நடுநாயகமான ஹாகிஸ் ஏழையின் உணவு. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து ஆட்டின் இரைப்பையில் அடைத்து வேகவைப்பார்கள். செல்வர் தசையை எடுத்துக்கொண்டபின் எஞ்சியதைப் பசித்தவர் வீணாக்காமல் சமைத்த முறை இது. குடலையும் ஈரலையும் சமைத்துப் பழகிய தமிழ் வீடுகளுக்கு இதன் தருக்கம் புதிதன்று. தொட்டுக்கொள்ள 'நீப்ஸ்' எனும் மசித்த டர்னிப் வகைக் கிழங்கும் 'டாட்டீஸ்' எனும் மசித்த உருளைக்கிழங்கும் இருக்கும். ஹாகிஸை மேசைக்குக் கொணர்ந்ததும், பர்ன்ஸ் 1786இல் அதை விளித்துப் பாடிய கவிதையை ஒருவர் உரக்கச் சொல்லி, உரிய அடி வரும்போது கத்தியால் பிளப்பார். வீட்டில் இசைக்குழல் வாசிப்பவர் இல்லாமற்போகலாம்; கவிதை இல்லாமற்போகாது. 1971 முதல் அமெரிக்கா நுரையீரல் கலந்த ஹாகிஸைத் தடைசெய்துள்ளது. 1984இல் எடின்பரோவில் சைவ ஹாகிஸும் விற்பனைக்கு வந்தது. உட்பொருள் மாறியும் சொல் மாறவில்லை.

மொழியியல் நோக்கில் இதன் முக்கியத்துவம் அந்தக் கவிதையின் மொழியில் உள்ளது. அது ஆங்கிலமன்று, ஸ்காட்ஸ். 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபின், கற்றறிந்த ஸ்காட்லாந்தினர் தம் பேச்சிலிருந்து ஸ்காட்ஸ் சொற்களைக் களைய முனைந்தனர். அபர்டீன் மாரிஷல் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் பீட்டி, தவிர்க்கவேண்டிய ஸ்காட்ஸ் வழக்குகளை அகரவரிசைப்படுத்தி 1787இல் ஒரு பட்டியலே வெளியிட்டார். பர்ன்ஸின் முதல் தொகுதி அச்சேறியது அதற்கு முந்தைய ஆண்டு. பேராசிரியர் விலக்கிய மொழிக்கு உழவரின் கவிதை மேசையில் இடம் தந்தது. அன்றாடம் ஆங்கிலம் பேசுவோரும் ஆண்டுக்கு ஓரிரவு அம்மொழியை வாய்விட்டுச் சொல்கின்றனர். விருந்து மட்டுமே ஸ்காட்ஸைக் காப்பாற்றியது என்பது மிகையாகும். 2011 கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் அம்மொழியைப் பேச இயலும் என்றனர். பேசுவோரும் அச்சகமும் பணமும் இருந்த சமூகத்துக்கு விருந்து ஒரு துணை.

அந்த நிபந்தனைகளின் எடை அந்தமானில்தான் தெரிகிறது. 1858இல் ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். 1859 மே 17 அன்று நிலம் பறிபோன பெரிய அந்தமானியர் அதன்மீது போர் தொடுத்தனர். அவர்களோடு ஓராண்டு வாழ்ந்திருந்த தூத்நாத் திவாரி என்னும் கைதி முன்கூட்டியே எச்சரித்ததால் குடியிருப்பு தப்பியது. அந்த மோதலின் பெயர் 'அபர்டீன் போர்'. தோற்றவர்களின் போர்க்களத்துக்கும் ஸ்காட்லாந்துப் பெயரே நிலைத்தது.

பெரிய அந்தமானியருக்கும் சடங்கு விருந்துகள் இருந்தன. 1906 முதல் 1908 வரை களத்தில் இருந்த ராட்கிளிஃப்-பிரவுன் அவற்றைத் தமது 1922ஆம் ஆண்டு நூலில் விவரிக்கிறார். வளரிளம் பருவத்தினர் ஆமை, பன்றி, தேன் ஆகியவற்றை விலக்கி நோன்பிருப்பர். அது முடியும்போது மூத்தோர் சடங்காக ஊட்டுவர். அக்காலத்தில் அவர்களின் இயற்பெயரை எவரும் சொல்லமாட்டார்கள். உணவும் சொல்லும் அங்கேயும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

குலைந்தது சடங்கன்று, அதைச் சுற்றி அமர்ந்த கூட்டம். 1863இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' திறக்கப்பட்டது. குடியேற்றத்தோடு மேகநோயும், 1877இல் தட்டம்மையும் பரவின. பத்து இனக்குழுக்களாக ஆயிரக்கணக்கில் வாழ்ந்தவர்கள் 1961 கணக்கெடுப்பில் 19 பேராக எஞ்சினர். ராஸ் தீவில் ஆங்கிலேயரின் ரொட்டிக்கூடம் இடிபாடாகவேனும் நிற்கிறது. ஆமை விருந்து நடந்த இடத்துக்கு அத்தகைய அடையாளமும் இல்லை.

மொழியியலாளர் அன்விதா அப்பி இவர்களின் மொழியை ஆவணப்படுத்தி, 2011இல் அகராதியும் பின்னர் இலக்கணமும் வெளியிட்டார். உடலை ஏழு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு வழங்கும் மொழி அது. உள்ளுறுப்புகளுக்கென்றே ஒரு வகுப்பு உண்டு; ஹாகிஸின் இதயமும் ஈரலும் அதில்தான் அடங்கும். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா, அம்மொழியில் மறுமொழி சொல்ல மனிதர் இல்லாததால் பறவைகளோடு பேசியதை அப்பி பதிவுசெய்துள்ளார். போவா 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். அதற்கு முந்தைய இரவுதான் உலகெங்கும் பர்ன்ஸ் விருந்து நடந்திருந்தது. வெறும் தற்செயல், ஆயினும் ஒரு மொழிக்கு மேசை வாய்த்ததும் இன்னொரு மொழிக்குக் கேட்பவரே இல்லாமற்போனதும் அதில் அருகருகே நிற்கின்றன.

இந்தி பொதுமொழியான இத்தீவுகளில், பர்ன்ஸ் விருந்துக்குச் சில நாள் முன்னதாகத் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் பானையை ஏற்றுகின்றன. பால் பொங்குகையில் எழும் குரல் எத்தனை தலைமுறைக்குத் தமிழில் ஒலிக்கும் என்பதைப் பானை தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் மறுநாளும் அம்மொழியில் பேசுகிறார்களா என்பதே தீர்மானிக்கும்.