வேகத்தின் கதை – 7: சோழவரத்தில் ஒரு கோவைக்காரர்

மதுக்கரை சிமென்ட் ஆலையைத் தாண்டிக் கிழக்கே போனால் செட்டிபாளையம். 2003-ல் அங்கே திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடத்துக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர். அந்தத் திறப்பு விழாவுக்கு இந்த வாரம் போவதாகத்தான் பேச்சு. ஆனால் 'கரி' யாரென்று சொல்லாமல் உள்ளே நுழைவது மரியாதையில்லை.

எஸ். கரிவரதன், கோவைத் தொழிலதிபர் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய களம் சோழவரம்.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப் போருக்காக வெள்ளைக்காரர்கள் போட்ட விமான ஓடுபாதை அது. ஆங்கில 'டி' எழுத்து வடிவம். விமானம் இறங்கும் பாதையில் வளைவுக்கு என்ன வேலை? நேர்ப்பாதையில் மிதித்த மிதியில் போய், பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை நம்பித் திரும்ப வேண்டியதுதான். பெரிய எஞ்சின் வைத்திருந்தவன் ராஜா. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் நிஜ ராஜாவும் ஓட்டினார்: கோண்டல் மகாராஜா. விஜய் மல்லையாவோ ஃபார்முலா ஒன் களத்துக்கென்று செய்த என்சைன் காரையே கொண்டுவந்து இறக்கினார்.

கரிவரதனும் காசுக்காரர்தான். ஆனாலும் இந்தத் தொடர் அவர் கட்சி. மற்றவர்கள் வேகத்தை இறக்குமதி செய்தார்கள். இவர் மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். 1980-களின் கடைசியில் வந்த அந்த 'ஃபார்முலா மாருதி'யில் எல்லோருக்கும் ஒரே எஞ்சின். தெருமுனை மெக்கானிக்குக்கும் பிரித்துப் பூட்டத் தெரிந்த எஞ்சின்! பாகம் போனால் லண்டனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் வந்தது. சோழவரம் ஓய்ந்தது. புதுத் தடத்தில் வளைவுகள் இருந்தன. எஞ்சினைவிட ஓட்டுபவனின் கைக்கு வேலை அதிகம். அங்கே ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்தவர்தான் கோவை நரேன் கார்த்திகேயன், தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன். 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். இண்டியானாபொலிஸில் நான்காம் இடம். ஆறு கார்தானே ஓடியது என்று இழுப்பவர்கள் இன்றும் உண்டு. டயரை நம்பாமல் ஒதுங்கியவர்களுக்கு யார் புள்ளி கொடுப்பது?

இதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். எட்டு ஆண்டு கழித்து எல்.ஜி.பி. நிறுவனத்தின் விஜயகுமார் செட்டிபாளையத்தில் தடம் போட்டு அந்தப் பெயரை வைத்தார். அங்கே சீறும் ஃபார்முலா எல்.ஜி.பி. கார்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)