ஆர்டி பஸ்ஸின் இரண்டாவது ஊர்

லண்டன் சிவப்புப் பஸ் என்றதும் பலருக்கு நினைவு வருவது ரூட்மாஸ்டர். ஆனால் போருக்குப் பிந்திய லண்டனைச் சுமந்தது அதற்கு முந்தைய ஆர்டிதான். 1939 இல் ஓடத் தொடங்கிய இந்த இரட்டைத்தட்டு பஸ்ஸின் உற்பத்தி போரால் தடைப்பட்டு, 1947 இல் மீண்டும் தொடங்கியது. 1954 வரை கட்டப்பட்டவை, லேலண்ட் வகைகளையும் சேர்த்தால், ஏறத்தாழ 7,000. 1952 இல் டிராம்கள் நின்றபோது அவற்றின் பயணிகளை ஏற்றியதும் இவையே.

கணினித் துறையில் இருக்கும் எனக்கு வியப்பளிப்பது இதன் பராமரிப்பு முறை. எந்த உடலும் எந்த அடிச்சட்டத்திலும் பொருந்தும்படி அளவு பிசகாமல் செய்திருந்தார்கள். ஆல்டன்ஹாம் பணிமனைக்குள் ஒரு பஸ் நுழைந்ததும் உடலைக் கழற்றித் தனியே அனுப்புவார்கள். அதன் எண்ணும் உரிமமும், அப்போது வேலை முடிந்து வெளியேறும் வேறொரு பஸ்ஸுக்குப் போய்விடும். உள்ளே கிடக்கும் வண்டிக்கு வீணாக உரிமக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இப்படிப் பலமுறை போய்வந்த ஆர்டி ஒன்றில் எண் மட்டுமே பழையதாக இருந்திருக்கலாம்.

ஐம்பதுகளில் காரும் தொலைக்காட்சியும் பஸ் பயணிகளைக் குறைத்தன. 1958 இல் லண்டன் பஸ் ஊழியர்கள் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன்பின் சேவைகள் வெட்டப்பட்டன. நல்ல நிலையிலிருந்த பஸ்கள் மிஞ்சின. அதே ஆண்டு ஜனவரியில்தான் இலங்கை தனியார் பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கி, இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியிருந்தது. அங்கும் வீதியின் இடப்பக்கமே ஓட்டம். ஏறுபடியை மாற்ற வேண்டியதில்லை. லண்டன் பஸ்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறின.

லண்டனில் கடைசி ஆர்டி 1979 ஏப்ரல் 7 அன்று பார்கிங்கில், 62 ஆம் இலக்கப் பாதையில் ஓடி முடித்தது. எந்த எண் எந்த உடலோடு எப்போது சேர்ந்தது என்று வரிவரியாகப் பதிந்துவைத்த ஆர்வலர்கள் இந்த நாட்டில் உண்டு. ஆனால் கப்பலேறிய பஸ்ஸின் கதை, அவர்களுடைய பட்டியலில் பெரும்பாலும் 'இலங்கைக்கு விற்கப்பட்டது' என்ற குறிப்போடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் அது ஆண்டுக்கணக்கில் ஆட்களை ஏற்றி இறக்கியது. அதில் வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், நெட்டைத் திருகியவர்கள் இன்று நம் வீடுகளில் அம்மப்பாவாகவும் பெரியம்மாவாகவும் இருக்கிறார்கள். மிச்சக் கதையை அவர்களிடம் கேட்டு எழுதவேண்டியவர்கள் நாம்தான்.