பாலும் கருப்பட்டியும் தேர்ந்த பாத்திரம்

காப்பி பில்டர் வாங்கப் பாத்திரக்கடைக்குப் போகிறவர்கள் பித்தளையா எவர்சில்வரா என்று கேட்பார்கள். எத்தனை பேருக்குக் காணும் என்று கேட்பார்கள். இவற்றுக்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இறங்கும் டிகாஷனில் எதைக் கலக்கப் போகிறோம்? காப்பி எந்த ஊரில் எந்தப் பாத்திரத்தில் தயாரானது என்பதைக் காப்பிக்கொட்டை முடிவு செய்யவில்லை, அதோடு கூடச் சேர்ந்த பொருள்தான் முடிவு செய்தது என்பது என் கட்சி. அதை நிறுவிக்காட்டச் சாயர்புரம் நல்ல இடம். தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, முத்துக்குப் பேர்போன பழைய கொற்கைக்குச் சற்று வடக்கே இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் தாமிரபரணித் தண்ணீரில் வாழையும் நெல்லும், இன்னொரு பக்கம் பனை. இந்த வட்டாரத்தில் காப்பி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று பாலும் சீனியும் சேர்ந்த பில்டர் காப்பி. மற்றது பாலில்லாத கருப்பட்டிக் காப்பி. முன்னதற்கு நாடெங்கும் பேர் கிடைத்துவிட்டது. பின்னதை ஏதோ குறைபாடாக, பில்டருக்கு வழியில்லாதவர்களின் ஏற்பாடாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பார்வை வரலாற்றோடு பொருந்தவில்லை.

இந்தக் கரைக்குக் காப்பி முதலில் பானமாக வரவில்லை, பிழைப்பாக வந்தது. தூத்துக்குடியை 1658 முதல் 1825 வரை பெரும்பாலும் தங்கள் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள்தான் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மலபார்க் கரையிலிருந்து காப்பிச் செடியை ஜாவாவுக்குக் கொண்டுபோனவர்கள். ஆனால் தூத்துக்குடியில் அவர்களுக்கு வேண்டியிருந்தது முத்தும் சங்கும் துணியும். ஆங்கிலேயர் காலத்தில், 1830களுக்குப் பிறகு, கண்டி மலைகளில் காடழித்துக் காப்பி வைத்தபோது நிலைமை மாறியது. பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். பருவம் முடிந்தால் வேண்டாம். தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் போன கூட்டம் சில மாதத்தில் ஊர் திரும்பியது. தேயிலைத் தோட்டம்போல ஆண்டு முழுவதும் அங்கேயே குடியிருக்கும் வாழ்க்கையாக அது இருக்கவில்லை. இராமநாதபுரம் பக்கத்தார் மன்னார் வழியாகக் கால்நடையாக ஏறினார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கடல்வழி இருந்தது. 1876-இல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டதும் அந்த வழி பெரிதானது. தொழிலாளரை நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்பும் முகாம் பக்கத்துத் தட்டப்பாறையிலேயே இயங்கியது. ஆனால் அதற்குள் காப்பியின் கதையே முடியத் தொடங்கியிருந்தது. 1869-இல் இலங்கைத் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது; அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பி போய் அந்த மலைகளில் தேயிலை வந்தது.

சாயர்புரத்தின் எழுச்சியும் இதே காலத்தில்தான். சாமுவேல் சாயர் என்பவரின் பெயரைத் தாங்கிய இந்த ஊருக்கு 1842-இல் ஜி.யு. போப் வந்து கல்விச்சாலை அமைத்தார். கண்டியில் காப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. (பின்னாளில் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த அதே போப், இடையில் உதகமண்டலத்தில் பள்ளி நடத்தினார், நீலகிரிச் சரிவுகளிலும் அப்போது காப்பி ஏறிக்கொண்டிருந்தது.) மலைக்குப் போய்வந்தவர்கள்தான் காப்பிப் பழக்கத்தைத் தென்கரைக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். கூலிக்குப் பறிப்பவர் கைக்கு வருவது பழம். தோல் நீக்கி உலர்த்திய கொட்டை மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கி, அங்கே சுத்தமாகி, சீமைக்குக் கப்பலேறியது. வறுத்து அரைத்த தூளாக அதைக் கண்டவன் லண்டனில் இருந்தான். பறித்தவருக்கும் குடித்தவருக்கும் நடுவே கடல் இருந்தது.

குடிக்கும் பழக்கம் வேறு திசையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதின் தொடக்கத்திலும் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகக் காப்பி எப்படி உருவானது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். பழையதையும் நீராகாரத்தையும் இது விரட்டுகிறதே என்று அன்றைக்கு எழுந்த புலம்பல்களும் அதில் உண்டு. அந்தக் காப்பியின் மதிப்பு பாலில் இருந்தது. தண்ணீர் விடாத பசும்பால், அதில் நுரை, வெள்ளைச் சீனி: இவற்றுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு டிகாஷன் கெட்டியாக இருந்தாக வேண்டும். டம்ளரில் மூன்றில் இரண்டு பங்கு பால் என்றால், மீதி ஒரு பங்குக்குள் முழுக் காப்பியின் மணமும் கசப்பும் அடங்க வேண்டும். தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தும் கெட்டியாக்கலாம், ஆனால் கொதிக்கக் கொதிக்கக் கசப்பு முறுகும், மணம் ஆவியோடு போகும். வேண்டியிருந்தது ஒரு பாத்திரம்: கொஞ்சம் வெந்நீர், நிறையத் தூள், நிறைய நேரம், அடுப்பில்லாமல்.

பில்டர் அதைத்தான் செய்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும் இரண்டு உருளை. மேலதன் அடியில் ஊசித்துளைகள். தூளைப் போட்டுக் காம்பு வைத்த வட்டத் தட்டால் இலேசாக அமுக்கி, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி மூடினால் அது தன் கனத்தாலேயே தூள் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். 1800 வாக்கில் பாரீஸில் பரவிய, பேராயர் தெ பெல்வாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாத்திரத்துக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. சிக்கரியும் அதே நாட்டுக் கதைதான். நெப்போலியன் 1806-இல் ஆங்கிலச் சரக்குக்குத் தடை போட்டபோது காப்பிக்கு மாற்றாகப் பிரான்சில் பெருகிய வேர் அது. நம் ஊரில் அது மாற்றாக இல்லாமல் துணையாக நின்றது: நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு சொட்டும் வேகத்தைக் குறைக்கும், நிறத்தையும் கனத்தையும் கூட்டும், பாலூற்றினாலும் வெளிறாது. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது இன்றைய இந்திய விதி. பிரான்சில் காலைக் காப்பிக்குப் பால், நமக்குப் பால், வியட்நாமில் டின் பால், அங்கேயும் சொட்டும் பாத்திரம். இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இனிப் பனங்காட்டுப் பக்கம் வருவோம். இங்கே இனிப்பு என்றால் கருப்பட்டி. கருப்பட்டி சீனிபோலக் கரண்டியால் அள்ளிப்போடும் பொருள் இல்லை. பதனீர் புளிக்காமலிருக்கப் பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். பதனீரைக் காய்ச்சி, கூப்பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி எடுக்கும் கட்டியில் அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் இருக்கும், தூசி இருக்கும், சிலசமயம் மணலும் இருக்கும். ஆகவே அதை உடைத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துக் கரைத்து, வண்டல் தங்கவிட்டு வடித்தால்தான் வாயில் வைக்க முடியும். கொதிக்கவைப்பதும் தெளியவிடுவதும் வடிகட்டுவதும் கருப்பட்டிக்கே தேவையான வேலைகள் என்றான பிறகு, அதே பானையில் காப்பித்தூளையும் போட்டு மூடி இறக்கிவிடுவதுதானே இயல்பு? தூளும் வண்டலோடு அடியில் தங்கிவிடும். ஒரு துணி, ஒரு வடிகட்டல். இந்த வீட்டில் பில்டரைக் கொண்டுவந்து வைத்தால் அது செய்ய வேண்டிய வேலையைப் பானை ஏற்கெனவே செய்து முடித்திருக்கும்.

பால் சேராததற்கும் காரணம் அந்தக் கட்டியிலேயே இருக்கிறது. கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டால் பால் திரிந்துவிடும் என்பது தென்மாவட்டச் சமையலறை எல்லாவற்றுக்கும் தெரியும். ஆறவைத்துக் கலக்கலாம், ஆனால் காப்பியின் சூடு போய்விடும். பாலில்லை என்றால் கெட்டி டிகாஷனும் தேவையில்லை. ஒரு குவளை முழுவதும் காப்பித் தண்ணீரே என்கிறபோது இலேசான சாறு போதும். சுக்கு, மல்லி, மிளகு இடித்துப் போட்டுக் கொதிக்கவைக்கும் சுக்குக் காப்பியோடு இது ஒட்டி உறவாடுவதும் அதனால்தான். சில வீடுகளில் காப்பித்தூள் ஒரு சிட்டிகை, சுக்கு ஒரு கை; சில வீடுகளில் நேர்மாறு. தண்ணீரையும் மறக்கக்கூடாது. கடலோரக் கிணறு பலதில் நீர் கரிக்கும். தூத்துக்குடி நகரமே குடிதண்ணீருக்குத் தவித்த ஊர். குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவர உழைத்ததற்காகத்தான் இன்றும் அங்கே அவர் பெயரை நன்றியோடு சொல்கிறார்கள். கரிப்புத் தண்ணீரில் இறக்கிய டிகாஷன் மந்தமாக இருக்கும். கருப்பட்டியும் சுக்கும் அந்தக் கரிப்பைத் தாங்கிக்கொள்ளும்.

இதற்கு வரும் பலமான மறுப்பு, நான் சொல்லுவதெல்லாம் வெறும் சமையல் கணக்கு, உண்மையான காரணம் பணமும் சாதியும் என்பது. பில்டர் காப்பி அக்கிரகாரத்திலிருந்தும் பிராமணாள் ஓட்டல்களிலிருந்தும் பரவிய பண்டம். பனையேறியின் வீட்டில் பசுவும் இல்லை, பித்தளைப் பில்டரும் இல்லை. இல்லாமையை ருசி என்று பெயர் மாற்றிச் சொல்கிறீர்கள் என்பார்கள். இதில் பாதி உண்மை, அதை மறைக்கக்கூடாது. யார் எந்த ஓட்டலில் எங்கே உட்கார்ந்து காப்பி குடிக்கலாம் என்பது இந்த மாகாணத்தில் வெகுகாலம் சாதிப் பிரச்சினையாக இருந்தது. ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கவைக்கப் பெரியார் 1957-இல் போராட்டமே நடத்தினார். ஆனால் பணம் ஒரு பொருள் எப்போது வீட்டுக்குள் வரும் என்பதை விளக்கும். வந்தபின் பழையது ஏன் போகவில்லை என்பதை விளக்காது. எவர்சில்வர் பில்டர் எளிதில் வாங்கும் விலைக்கு வந்து தலைமுறைகள் ஆகின்றன. பாக்கெட் பால் ஊர்தோறும் கிடைக்கிறது. இல்லாமைதான் காரணம் என்றால் இதற்குள் கருப்பட்டிக் காப்பி மறைந்திருக்க வேண்டும். மாறாக, உடன்குடிக் கருப்பட்டி இன்று சீனியைவிடப் பலமடங்கு விலை. காசு கொடுத்து வாங்கித்தான் அந்தக் காப்பியைப் போடுகிறார்கள். ஏழ்மையின் எச்சத்தை யாரும் கூடுதல் விலைக்கு வாங்குவதில்லை.

இன்னொரு மறுப்பு இத்தாலியிலிருந்து வரும். நேப்பிள்ஸ் நகரத்தார் கவிழ்த்துவைக்கும் சொட்டுப் பாத்திரத்தில் காப்பி இறக்கினார்கள், பாலில்லாமல் குடித்தார்கள். அப்படியானால் பாலுக்காகத்தான் பில்டர் என்பது எப்படி? நியாயமான கேள்வி. பாலிருந்தால்தான் சொட்டுப் பாத்திரம் என்று நான் சொல்லவில்லை. காப்பி குறைந்த அளவில் கெட்டியாக வேண்டுமென்றால் சொட்டுப் பாத்திரம் என்கிறேன். நேப்பிள்ஸில் சின்னஞ்சிறு கோப்பை அந்தக் கெட்டியைக் கேட்டது, இங்கே பால் கேட்டது. ஆனாலும் என் வாதத்தில் இது ஒரு திருத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். துருக்கிக் காப்பியைச் சீனியோடு கொதிக்கவைத்து, மண்டி தங்கவிட்டுக் குடிக்கும் வழக்கமோ கருப்பட்டிப் பானைக்கு நெருங்கிய உறவு.

மின்சாரச் சொட்டுக் கருவியையும் இந்த அளவுகோலால் பார்த்தால்தான் புரியும். டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் 1908-இல் காகித வடிகட்டிக்கு உரிமம் பெற்றார். 1954-இல் ஜெர்மனியில் விகோமாட் என்ற மின்கருவி வந்தது, 1972-இல் அமெரிக்க வீடுகளுக்கு மிஸ்டர் காபி வந்தது. இவை எல்லாம் பெரிய குவளை நிறையக் கறுப்பாகக் குடிப்பவர்களுக்காகப் பிறந்தவை. லிட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம் தூள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் இறங்குவதை நம் அளவுப்படி பாலில் கலந்தால் பால்தான் நிற்கும், காப்பி இருக்காது. இயந்திரம் மோசம் என்று திட்டுகிறவர்கள் அதனிடம் அதன் வேலையல்லாததைக் கேட்கிறார்கள். பாலில்லாமல், இலேசாக, நிறையக் குடிப்பது என்று பார்த்தால் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் நிற்பது கும்பகோணத்து டிகாஷன் இல்லை, கருப்பட்டிக் காப்பிதான்!

ஆகவே சாயர்புரத்தில் இன்று ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேர்ந்தெடுப்பதென்றால், காலையில் எத்தனை டம்ளர் பால் என்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டு டம்ளர்தான் என்றால் சின்ன பில்டர். பெரிய பில்டரில் கொஞ்சம் தூள் போட்டால் தூள் படுகை மெலிந்து தண்ணீர் ஓடிவிடும், டிகாஷன் நீர்த்துப்போகும். விருந்தாளிக்கென்று இன்னொன்று தனியாக இருக்கட்டும். பித்தளையில் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும், பூசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எவர்சில்வருக்கு அந்தக் கவலை இல்லை. துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும்: ஒரே அளவில், அடைபடாமல், ஊசிமுனைபோல இருக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயிலிருந்து பிடித்த நீரையே அதற்கு வைத்துக்கொள்வது நல்லது. சாயங்காலம் கருப்பட்டி உடைக்கிற வீடாக இருந்தால், அதற்கு ஒரு மூடியுள்ள பானையும் வெளுத்த துணியும் போதும், பில்டரை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.