வால்வும் தமனியும்

இருதயத்தின் வால்வு பழுதுபட்டால் அதை மாற்றி வைப்பது ஒரு ரண சிகிச்சை. இருதயத் தசைக்கே இரத்தம் அளிக்கும் தமனி அடைபட்டால் மாற்றுவழி அமைக்கும் 'பைபாஸ்' மற்றொன்று. இரண்டையும் ஒரே வேளையில் செய்துகொள்வோர் இன்று பலர். வெவ்வேறு ஊர்களில் தோன்றிய இவ்விரு சிகிச்சைகளுக்கும் ஆதியிலேயே ஓர் உறவு உண்டு.

1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் மருத்துவர், ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளைஞர் ஒருவரைச் சோதித்துக்கொண்டிருந்தார். மகா தமனியில் செலுத்தவேண்டிய சாயம், குழாய் நழுவியதால் வலது இருதயத் தமனிக்குள் பாய்ந்துவிட்டது. சில வினாடிகள் இருதயம் நின்றே போயிற்று. இருமும்படி சொன்னார் சோன்ஸ்; நோயாளி இருமினார்; துடிப்பு மீண்டது. அந்த நுண்ணிய தமனியோ படத்தில் தெளிவாக விழுந்திருந்தது! பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். இங்கே கைதவறியதில் வரமே கிடைத்தது.

1960-ல் ஆரிகன் மாநிலத்து ஆல்பர்ட் ஸ்டார், லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து உருவாக்கிய, கூண்டுக்குள் பந்து அசையும் செயற்கை வால்வைப் பொருத்தினார். 1967-ல், அர்ஜெண்டினாவில் கிராமத்து டாக்டராயிருந்த ரெனே ஃபவலோரோ, அதே கிளீவ்லந்தில் காலின் சிரையைக் கொண்டு பைபாஸ் செய்தார். சோன்ஸின் படமின்றி அடைப்பு எங்கே என்று யார் அறிவார்?

இரண்டையும் சேர்த்துச் செய்ய முற்பட்டபோது காலமே பகையாயிற்று. இருதயத்தை நிறுத்திவைக்கும் நிமிஷங்கள் கூடக்கூடத் தசை நலியும். 1970-களில், பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் அதை உறங்கவைக்கும் முறை பரவிய பின்னரே அச்சம் தணிந்தது. முதலில் சிரைகளை அடைப்புக்கு அப்பால் தைத்துவிட்டால், அவற்றின் வழியாகவும் அத்திரவத்தைச் செலுத்தலாம். வால்வு அமைந்தபின் இருதயத்தைத் தூக்கிப் புரட்டவும் வேண்டியதில்லை.

பலன் எப்படி? வால்வை மட்டும் மாற்றிக்கொண்டோரைவிட, இரண்டும் செய்துகொண்டோரிடையே உயிரிழப்பு இன்றும் சற்று அதிகந்தான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள், நோய் முற்றியவர்கள். எல்லாப் பழியையும் கத்தியின்மீது போடுவது நியாயமன்று. அடைப்பை அப்படியே விட்டுவைத்தாலோ, புதிய வால்வின் பயனும் குறைந்துவிடும்.

நம் நாட்டில் வால்வு நோயாளிகள் நெடுங்காலம் இளவயதினராகவே இருந்தனர். பைபாஸ் அவர்களுக்கு அரிதாகவே தேவைப்பட்டது. 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸைச் செய்தார். திருவனந்தபுரத்தில் உருவான 'சித்ரா' வால்வு, 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஆயுள் நீண்டதால், இரண்டும் கெட்ட முதியோர் இங்கும் பெருகியுள்ளனர். ஆகவே, வால்வு மாற்ற வருவோர் நாற்பதைக் கடந்தவராயின், முதலில் தமனிகளைப் படமெடுத்துப் பார்ப்பது வழக்கமாயிருக்கிறது.